கழுத்தில் கார்டோடு நின்றவள்

காரைமேட்டுச் சபையில் பிரிசில்லாவுக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. ஹேண்ட்பிரேக். வைத்தவன் ஆல்வின். முகத்துக்கு நேராக யாரும் சொன்னதில்லை, ஆனாலும் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் காதில் விழாத மாதிரி இருந்துவிடுவாள்.

சும்மா சொல்லக்கூடாது, பெயர் பொருந்தித்தான் இருந்தது. கிறிஸ்துமஸுக்குக் கோயில் முகப்பில் சீரியல் லைட் கட்டப் பையன்கள் ஏறினால், கீழே நின்றுகொண்டு ஒயரை யார் செக் பண்ணியது என்று கேட்பாள். சபையார் ஏலகிரிக்கு டூர் கிளம்பும்போது ஜன்னலோர சீட்டுக்கு எல்லோரும் முண்டியடிப்பார்கள், இவள் குனிந்து வேன் டயரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு தடவை டயர் தேய்ந்திருக்கிறது என்று வேனையே திருப்பி அனுப்பிவிட்டாள். கட்டிய புளிசாதத்தைக் கோயில் வளாகத்திலேயே உட்கார்ந்து தின்றுவிட்டு எல்லோரும் வீடு திரும்பினார்கள். அன்றைக்கு வைத்த பெயர்தான் அது. அப்படியென்றால் இவளை எதற்குச் சபைச் செயலாளராகப் போட்டார்கள் என்று கேட்டால், வேறு யாரும் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

ஆம்பூரைத் தாண்டிப் பாலாற்றங்கரையில் இருக்கிற ஊர் அது. ஆண்களில் பாதிப்பேர் தோல் பதனிடுகிற டேனரியில், பெண்களில் முக்கால்வாசிப்பேர் ஊர்க்கோடி ஷூ கம்பெனியில். பிரிசில்லா கல்யாணத்துக்கு முன்பே அந்தக் கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார்ந்தவள். ஐம்பதைத் தாண்டிவிட்ட இப்போது ஒரு லைனுக்கே, முழு மிஷின் வரிசைக்கே, சூப்பர்வைசர். புருஷன் சாமுவேல் கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனதிலிருந்து அவர் வீட்டோடுதான். அவள் சம்பளம் வந்தால்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கும்.

அவள் பயந்தாங்கொள்ளி என்றுதான் பலபேர் நினைத்திருந்தார்கள். சின்ன வயதில் அவள் பார்த்தது அவர்களுக்குத் தெரியாது, தெரிந்தவர்களும் மறந்துவிட்டார்கள். அவளுடைய அண்ணன் தேவராஜ் ஒரு டேனரியில் வேலை செய்தான். ஒருத்தர் காலில் ஆசிட் கொட்டி, முதலாளி மருந்துச் செலவுக்குக்கூடக் கைவிரித்தபோது, தேவராஜ் ஒரே பேச்சில் எல்லோரையும் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வர வைத்தான். என்ன பேச்சு! கேட்டவர்களுக்கு ரத்தம் சூடேறியது. மறுநாள் வெளியே வந்த அத்தனை பேருக்கும் வேலை போனது. தேவராஜ் பெங்களூருக்குப் பஸ் ஏறினான், அங்கே நல்ல வேலை கிடைத்தது, இன்றைக்கும் ஊரில் அவன் பெயரைச் சொன்னால் ஆம்பளைச் சிங்கம் என்பார்கள். ஆனால் அவன் பின்னால் வந்தவர்களின் வீடுகளில் மாதக்கணக்கில் அடுப்பு எரியவில்லை. பக்கத்து வீட்டுக்குச் சுவர் மேலாகக் கஞ்சிச் சட்டியை நீட்டியவள் பிரிசில்லாதான். வாங்கின பொம்பளை அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள். அண்ணன் பேசியதில் ஒரு வார்த்தை பொய்யில்லை, அது அவளுக்குத் தெரியும். ஆனாலும் அந்த முகம் அவளை விட்டுப் போகவே இல்லை.

இப்போது கேட் விஷயத்துக்கு வருகிறேன். சபையின் கல்லறைத் தோட்டம் ஆற்றை ஒட்டி இருந்தது. அதற்கும் ஊருக்கும் நடுவில் பிற்பாடுதான் ஷூ கம்பெனி வந்தது. நிலத்தை வாங்கியபோது கம்பெனியின் பழைய முதலாளி, உங்க வழியை நான் மறிக்க மாட்டேன் என்று வாய்வார்த்தையாகச் சொல்லி, மதிலுக்கு உள்பக்கம் ஓரமாகப் பாதைக்கு இடம் விட்டு, பக்கவாட்டில் ஒரு கேட்டும் வைத்துக் கொடுத்தார். யாராவது இறந்தால் வாட்ச்மேன் திறந்துவிடுவார், பெட்டி போகும், மண் போட்டுவிட்டுத் திரும்பி வருவார்கள். பேப்பரில் ஒன்றும் கிடையாது. ஒரு பிரச்சனையும் கிடையாது.

பெரியவர் காலமானார். மகன்கள் ஒரு மேனேஜரைச் சென்னையிலிருந்து கொண்டுவந்தார்கள். வெளிநாட்டில் ஷூ வாங்குகிறவர்கள் வருஷா வருஷம் ஆள் அனுப்பிக் கம்பெனியைத் துருவித் துருவிப் பார்ப்பார்கள். அதற்கு ஆடிட் என்று பெயர். கக்கூஸில் சோப்பு இருக்கிறதா என்பதிலிருந்து வெளியாள் உள்ளே நுழைய முடியுமா என்பதுவரை பார்ப்பார்கள். வெளியாள் நடக்கிற பாதை கம்பெனி வளாகத்துக்குள்ளே இருக்கக்கூடாது என்று அவர்கள் எழுதிவிட்டுப் போக, மேனேஜர் மறுவாரமே கேட்டுக்குப் பெரிய பூட்டு போட்டு, மேலே ஒரு கேமராவையும் மாட்டிவிட்டார்.

சுற்றுவழி ஒன்று இருக்கிறது, ஆற்றுக்குள் இறங்கிப் போக வேண்டும். கோடையில் ஆள் போகலாம். ஐப்பசியில் இடுப்பளவு தண்ணீரும் முள்ளும் சகதியுமாக இருக்கும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு யாராலும் போக முடியாது.

ஆல்வினும் அவன் கூட்டாளிகளும் பூட்டை உடைக்கணும் என்றார்கள். பிரிசில்லா வேண்டாம் என்றாள். மேனேஜரைப் போய்ப் பார்த்தாள், தாசில்தார் ஆபீஸுக்கு நடந்தாள், எங்கேயும் பார்க்கலாம் பார்க்கலாம் என்ற பதில்தான். போதகருக்கு ஐந்தாறு ஊர்ச் சபைகள், அவரும் சேர்ந்து அலைந்தார். இந்த நேரத்தில்தான், நடு ஐப்பசியில், ரத்தினசாமி செத்துப்போனார்.

ரத்தினசாமி ஆல்வினுடைய பெரியப்பா. காலமெல்லாம் டேனரியில் தோல் சுமந்த மனுஷன், யாரையும் அதட்டிப் பேசாதவர். அவருக்கும் பட்டம்மாளுக்கும் ஒரே மகள், கிரேஸ். பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே காய்ச்சலில் போய்விட்டாள். அவள் கல்லறைக்குப் பக்கத்திலேயே தனக்கும் இடம் என்று ரத்தினசாமி சொல்லி வைத்திருந்தார். கம்பெனியிலிருந்து ஆள் வந்து, வேன் தருகிறோம், ஆம்பூரில் அடக்கம் பண்ணிக்கொள்ளுங்கள், செலவும் எங்களுடையது என்றார்கள். பட்டம்மாள் தலையைத் தூக்காமலே மாட்டேன் என்றாள்.

"அவரு பொண்ணுகிட்டதான் போவாரு. வேற எங்கேயும் கொண்டுபோவாதீங்க," என்று பிரிசில்லாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

போதகர் டெங்குவில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். அடக்க ஆராதனையை நடத்த வேண்டியவள் பிரிசில்லாதான். கேட்டைத் திறக்க வழி தேட வேண்டியவளும் அவள்தான்.  வெளியே வந்தால் சாவு வீட்டு வாசலிலேயே ஜனங்கள் முணுமுணுத்தார்கள். அன்றைக்கே பையன்களை விட்டிருந்தால் இன்றைக்கு இந்த அவஸ்தை உண்டா, பிரேக் போட்டுப் போட்டு ஒரு மனுஷனை மண்ணுக்குக்கூடப் போக விடாமல் செய்துவிட்டாள் என்று பேச்சு. பிரிசில்லா கோயிலுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு முழங்காலில் நின்றாள். என்ன ஜெபம் செய்தாள் என்று யாருக்கும் தெரியாது. வெளியே வந்தபோது முகம் தெளிவாக இருந்தது, நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள்.

அங்கே இன்ஸ்பெக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னாள். நாளைக்குப் பெட்டியைக் கொண்டுவந்து கேட்டுக்கு வெளியே வைப்போம், பாடுவோம், ஜெபம் பண்ணுவோம், ஒருத்தரும் கேட்டைத் தொட மாட்டோம், வேண்டுமானால் நீங்களே வந்து நின்று பாருங்கள் என்றாள். அவர் கேட்டுக்கொண்டு ரெண்டு போலீஸ்காரர்களை அனுப்புவதாகச் சொன்னார்.

மறுநாள் சனிக்கிழமை, கம்பெனியில் வேலை நாள். லீவு சொல்லிவிட்டுச் சாவு வீட்டுக்கு வந்தவர்களில் பாதிக்குமேல் அந்தக் கம்பெனி ஆட்கள். பெட்டி எடுப்பதற்கு முன் பிரிசில்லா அவர்களைத் தனியாகக் கூப்பிட்டாள். கம்பெனி கார்டு வைத்திருக்கிற ஒருத்தரும் கேட்டுக்கு வரக்கூடாது, கோயில் முனையோடு நின்றுவிட வேண்டும், கேட்டில் கேமரா இருக்கிறது, முகம் விழுந்தால் திங்கட்கிழமை வேலை இருக்காது என்றாள். பெட்டியைத் தூக்கக் கொத்து வேலைக்காரர்களையும் கழனி வேலைக்காரர்களையும் முன்பே சொல்லி வைத்திருந்தாள்.

ஆல்வினும் கம்பெனி ஆள்தான், கட்டிங் செக்‌ஷன். அவன் கையில் கடப்பாரை இருந்தது. மகன் இல்லாத பெரியப்பாவுக்குத் தோள் கொடுக்க வேண்டியவன் அவன். அவனைப் போய்க் கோயில் முனையில் நில் என்றால் எப்படி இருக்கும்!

"இப்பவும் பிரேக்கா அத்தை? பொணத்த வச்சிக்கினு இன்னும் இன்னா பயம்?" என்றான். இத்தனை நாள் முதுகுக்குப் பின்னால் சொன்னதை அன்றைக்கு முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டான்.

"பூட்டை உடைச்சா கேஸு. கேஸுன்னா உங்க பெரியப்பாவை விட்டுட்டு நாம எல்லாரும் ஸ்டேஷன்ல உட்காரணும்," என்றாள் பிரிசில்லா. "உனக்கு அவருக்குத் தோள் கொடுக்கணுமா, பூட்டை உடைக்கணுமா? ஒண்ணுதான் நடக்கும், ஆல்வின்."

அவன் கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அழுதான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அதற்குமேல் அவள் அங்கே நிற்கவில்லை.

பெட்டி கிளம்பியது. கேட்டுக்கு வெளியே ரெண்டு பெஞ்சு போட்டு அதன்மேல் இறக்கினார்கள். பட்டம்மாள் தலைமாட்டில் உட்கார்ந்தாள். அப்போதுதான் பிரிசில்லா புடவைத் தலைப்புக்குள்ளேயிருந்து எதையோ எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். பார்த்தவர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுடைய கம்பெனி கார்டு. போட்டோ, பெயர், லைன் நம்பர், எல்லாம் கேமராவுக்கு நேராகத் தொங்கியது. ஊரில் இருக்கிற அத்தனை கார்டுக்காரர்களையும் ஒளித்து வைத்துவிட்டு, தன் கார்டை மட்டும் ஊர் பார்க்கப் போட்டுக்கொண்டு நின்றாள் அந்தப் பொம்பளை. இவளையா நாம் பயந்தாங்கொள்ளி என்று சொன்னோம்!

கேட்டுக்கு உள்ளே வாட்ச்மேன் முனீர் அகமது நின்றிருந்தார். சாவி அவர் இடுப்பில். ரத்தினசாமியோடு ஒரே பெஞ்சில் டீ குடித்த மனுஷன். பெட்டியைப் பார்த்தார், பட்டம்மாளைப் பார்த்தார், கை தானாகவே சாவிக்குப் போனது.

"வேணாம் பாய்," என்றாள் பிரிசில்லா. "நீங்க திறக்காதீங்க. திறந்தா உங்களைத்தான் முதல்ல அனுப்புவாங்க. பூட்டச் சொன்னவரு வந்து திறக்கட்டும். நான் நிக்கிறேன்னு மட்டும் போன் பண்ணிச் சொல்லுங்க."

முனீர் மேனேஜருக்குப் போன் செய்தார். பேசிவிட்டு வந்தவர் அவள் முகத்தைப் பார்க்கச் சங்கடப்பட்டார். கலைந்து போகாவிட்டால் யார் யார் நின்றார்கள் என்று எழுதி வைக்கச் சொல்கிறார் என்றார்.

"எழுதிக்குங்க. என் பேரு ஒண்ணுதான் இருக்கு," என்றாள்.

ஆராதனை தொடங்கியது. வெயில் ஏறியது. கீர்த்தனை பாடினார்கள், வேதபாடம் வாசித்தாள், ரத்தினசாமியைப் பற்றி நாலு வார்த்தை பேசினாள்.  மண் போடும்போது சொல்ல வேண்டிய பகுதி வந்ததும் புத்தகத்தை மூடினாள். இது இங்கே சொல்கிற ஜெபம் இல்லை, குழியருகில் சொல்கிறது, அதுவரை பாடிக்கொண்டிருப்போம் என்றாள். மறுபடியும் முதல் பாட்டிலிருந்து ஆரம்பித்தார்கள். போலீஸ்காரர்கள் மர நிழலில் நின்றபடி வேடிக்கை பார்த்தார்கள். அவர்களுக்குச் செய்ய ஒன்றுமில்லை.

சாப்பாட்டு பெல் அடித்தது. பாட்டுச் சத்தம் கேன்டீன் வரைக்கும் கேட்டிருக்கிறது. அவள் லைன் பெண்கள் ஒவ்வொருத்தியாக உள்பக்கத்திலிருந்து கேட்டுக்கு வந்து நின்றார்கள். முத்துமாரி வந்தாள், சங்கீதா வந்தாள், நசீமுன்னிசா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வந்தாள். பின்னாலேயே வேறு லைன்காரிகள். யாரும் கத்தவில்லை, கம்பிக்கு அந்தப் பக்கம் சும்மா நின்றார்கள். கேட்டே தெரியாத அளவுக்குக் கூட்டம் சேர்ந்துவிட்டது.

அவ்வளவு நேரம் கல்லாக நின்ற பிரிசில்லாவுக்கு அப்போதுதான் நிஜமாகவே பயம் வந்தது. மறுபடியும் பெல் அடித்து, இதுகள் அசையாமல் நின்றுவிட்டால்? நாளைக்கு எத்தனை வீட்டில் அடுப்பு அணையும்? அண்ணன் ஞாபகம் வந்தது, கஞ்சிச் சட்டி ஞாபகம் வந்தது. வெளியே இருந்த ஜனங்களோ குஷியாகிவிட்டார்கள். இன்னும் கொஞ்ச நேரம் அவர்களை நிறுத்திவை, மேனேஜர் ஓடி வருவான் என்று ஒருத்தர் அவள் காதில் ஓதினார். அவர் சொன்னது நடந்திருக்கும். அதுதான் சுலபமான வழி.

பெல் அடித்தது. ஒருத்தியும் நகரவில்லை.

"உள்ள போங்கடி," என்றாள் பிரிசில்லா, லைனில் அதட்டுகிற அதே குரலில். "நீங்க வந்ததே எனக்குப் போதும். மிஷினுக்குப் போங்க."

முத்துமாரி முரண்டு பிடித்தாள். பிரிசில்லா ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். கூட்டம் மொத்தமும் திரும்பிப் போனது. அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. அவருக்கும் வியர்த்திருந்தது. பெரிய கலாட்டாவுக்குத் தயாராக வந்த மனுஷன், ஒரு சொல்லில் கேட் காலியானதைப் பார்த்துவிட்டுக் கம்பியருகே வந்தார்.

"அவங்களை அனுப்பின மாதிரி இவங்களையும் வீட்டுக்கு அனுப்பலாமே?" என்றார்.

"அவங்களுக்குப் பெல் இருக்கு சார், போய்த்தான் ஆகணும். இவரு போக வேண்டிய இடம் அதோ, அங்க இருக்கு," என்று பெட்டியையும் ஆற்றோரத்தையும் காட்டினாள்.

அவர் ஆடிட், வெளியாள், சட்டம் என்று ஆரம்பித்தார். அவள் குறுக்கே பேசாமல் முழுசாகக் கேட்டாள். பிறகு, கம்பெனிக்கு மெக்கானிக் வந்தால், மிஷின் விற்கிறவன் வந்தால், வெளியாள்தானே, எப்படி உள்ளே விடுகிறீர்கள் என்று கேட்டாள். விசிட்டர் கார்டு கொடுத்து, கூடவே வாட்ச்மேனை அனுப்பி என்றார் அவர். அப்படியே எங்களையும் அனுப்புங்கள் என்றாள். தூக்குகிறவர்கள், வீட்டுக்காரர்கள், ஜெபம் பண்ண நான், இவ்வளவு பேர்தான். முனீர் பாய் முன்னால் நடக்கட்டும், மதிலை விட்டு ஓரடி நகர மாட்டோம், ஒருத்தரும் போனை வெளியே எடுக்க மாட்டோம், வெளியே வரும்போது கார்டை எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள். ஆடிட்காரர் கேட்டால் விசிட்டர் வந்தார்கள், போனார்கள். இதில் என்ன தப்பு?

மேனேஜர் கேமராவை ஒருதரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு முனீரிடம் கைநீட்டிச் சாவியை வாங்கித் தானே பூட்டைத் திறந்தார்.

கோயில் முனைக்கு ஆள் அனுப்பி ஆல்வினைக் கூப்பிட்டார்கள். ஓடி வந்தான். அவனுக்கும் விசிட்டர் கார்டுதான், தினமும் வேலை செய்கிற கம்பெனிக்கே விசிட்டராகப் போனான். முனீர் ஒவ்வொருத்தருக்கும் கார்டை மாட்டிவிட்டுக்கொண்டே பெட்டிவரை வந்தார். பழக்கதோஷத்தில் கை இன்னொரு கார்டை எடுத்துவிட்டது. பெட்டிக்கு முன்னால் அதை வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார்.

பட்டம்மாள்தான் பேசினாள். "அவருக்கு வாணாம் பாய். அவரு திருப்பிக் குடுக்க வரமாட்டாரு."

முனீருக்குக் கண் நிறைந்துவிட்டது. கார்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். ஆல்வின் தோள் கொடுத்தான். கிரேஸின் கல்லறைக்குப் பக்கத்தில் தூக்கியவர்களே குழி தோண்டிப் பெட்டியை இறக்கியதும், மூடி வைத்த புத்தகத்தைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து பிரிசில்லா வாசித்து முடித்தாள். வெளியே வரும்போது எல்லோர் கழுத்திலிருந்தும் கார்டைக் கழற்றி, சரியாக இருக்கிறதா என்று ரெண்டு தடவை எண்ணிக் கொடுத்தாள். ஹேண்ட்பிரேக் என்று இதற்கும் ஒருத்தர் முனகினார். ஆல்வின் அவரை முறைத்தான்.

இன்றைக்கும் காரைமேட்டில் யார் இறந்தாலும் முதல் நாளே சொல்லிவிட்டு, விசிட்டர் கார்டு போட்டுக்கொண்டுதான் கல்லறைக்குப் போகிறார்கள். வெளியூர் உறவுக்காரர்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

ஆனால் அந்தத் திங்கட்கிழமையைச் சொல்லாமல் முடித்தால் நியாயமில்லை. ஞாயிறு முழுக்கப் பிரிசில்லாவுக்குச் சோறு இறங்கவில்லை.  காலையில் வழக்கம்போல மெயின் கேட்டில் கார்டை வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது, கார்டு இன்னும் செல்லும். பக்கத்தில் நின்ற முனீர் அல்லாவுக்கு நன்றி சொன்னார். ஆனால் லைனுக்குப் போகும் முன்பே மேனேஜர் ரூமுக்கு வரச்சொல்லி ஆள் வந்தது.

மேனேஜர் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார். மேலே இருப்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏதாவது நடவடிக்கை காட்டியே ஆகவேண்டும், இனி சூப்பர்வைசர் கிடையாது, பழையபடி மிஷினில் உட்கார வேண்டும், சம்பளமும் அதற்குத் தகுந்த மாதிரி கம்மிதான் என்றார். அழுவாள், இல்லை சண்டை போடுவாள் என்று காத்திருந்தார்.

"வேற யாரு பேராவது எழுதினீங்களா சார்?" என்று கேட்டாள்.

"இல்ல. உங்க பேரு மட்டும்தான்."

சனிக்கிழமையிலிருந்து அடைத்துக்கொண்டிருந்த மூச்சு அப்போதுதான் அவளுக்குச் சீராக வந்தது. தேங்க்ஸ் சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். அவள் லைனில் கடைசி மிஷின் காலியாக இருந்தது. முத்துமாரி எழுந்து நின்றாள், அவளைப் பார்த்துச் சங்கீதாவும் எழுந்தாள். உட்காருங்கடி, பெல் அடித்துவிட்டது என்று அதட்டிவிட்டு, பிரிசில்லா அந்த மிஷினில் உட்கார்ந்து ஊசியில் நூலைக் கோத்தாள்.